எல்லை மாறிய வெற்றித் தூண்

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஏறினால் களியக்காவிளையில் மாநிலம் மாறுகிறது. மார்த்தாண்டம் தாண்டி, அழகியமண்டபத்தில் வலப்பக்கம் திரும்பி, திங்கள்நகர் வழியாகப் போனால் கடல். மொத்தம் சுமார் 55 கிலோமீட்டர். குளச்சல் என்ற இந்த மீன்பிடித் துறையில், வலைகளுக்கும் கருவாட்டு வாசனைக்கும் நடுவே, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய வணிக நிறுவனமாக இருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மண்ணைக் கவ்வியதற்குச் சாட்சியாக ஒரு கல் தூண் நிற்கிறது.

1741-ல் நடந்த சண்டை அது. காரணம், மிளகு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அண்டைக் குறுநாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி வர, டச்சுக்காரர்களின் மிளகுக் கொள்முதல் ஆட்டம் கண்டது. இலங்கையில் கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் எச்சரித்தார், மன்னர் மசியவில்லை. இலங்கையிலிருந்து வந்த கப்பல்கள் கரையோர ஊர்களைப் பீரங்கியால் தாக்கின. இறங்கிய படை அன்றைய தலைநகரான பத்மநாபபுரத்தைக் குறிவைத்தது. திருவிதாங்கூர் படை அவர்களைக் குளச்சலிலேயே மடக்கி முற்றுகையிட்டது. வெடிமருந்து தீப்பற்றி உணவுக் கிடங்கும் எரிந்துபோனதால்தான் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தேதிதான் நூலுக்கு நூல் மாறுகிறது: சிலவற்றில் ஜூலை 31, சிலவற்றில் ஆகஸ்ட் 10.

ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசியர்கள் வீழ்த்தியது இதுவே முதல் முறை என்று மேடைகளில் முழங்குவது உண்டு. அது மிகை. 1662-லேயே தைவானிலிருந்து இதே டச்சுக்காரர்களை விரட்டியவர் கோஷிங்கா. ஆனால் மிகை இல்லாமலே குளச்சல் பெரிய வெற்றிதான். மலபாரை ஆளும் டச்சுக் கனவு அங்கே தளர்ந்தது. 1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கையோடு முடிந்தே போனது.

தோற்றவர்களின் தளபதிகளில் ஒருவரான டி லனாய் கதை இன்னும் சுவாரசியமானது. சிறைபிடித்த மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்தார். திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777-ல் இறந்த அவரது கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துகளுடன், புலியூர்குறிச்சியில் அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் மன்னரிடம் சரணடையும் ஓவியத்தைப் பார்க்காமல் எந்தச் சுற்றுலாக் குழுவும் திரும்புவதில்லை. குளச்சல் தூண் வரை வருபவர்கள் குறைவு.

அதற்கு வரைபடமும் ஒரு காரணம். தலைநகர் 1795-ல் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரிப் பிரிவினையின்போது குளச்சல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழக மண்ணில் இருந்தபடியே கேரள அரசின் பராமரிப்பில் தொடர்கிறது. வென்ற அரசின் வாரிசுகள் ஒரு மாநிலத்தில், வென்ற களம் இன்னொன்றில். கேரளப் பாடநூல் கொண்டாடும் வெற்றியின் தூணைப் பேண வேண்டியது தமிழகம். இரண்டுக்கும் அப்பால் அதை உரிமையோடு நினைவுகூர்வது ராணுவம்தான். திருவிதாங்கூர் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9-வது பட்டாலியன் ஜூலை 31-ஐக் குளச்சல் தினமாகக் கொண்டாடுகிறது.

அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரில், 1941-ல் மூழ்கிய 'அரிசோனா' கப்பல் மேல் கட்டிய நினைவகத்தில், இறந்த மாலுமிகளின் பெயர்கள் சலவைக்கல் சுவரில் வரிசையாக இருக்கின்றன. குளச்சலில் உயிர்விட்ட சிப்பாய்களுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. எதிரிக் கப்பல்களிலிருந்து உதவி வராமல் தடுத்தவர்கள் தங்கள் முன்னோர்கள்தான் என்று மீனவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை.

பெயர்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சலில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. காணிக்கை மாதா கோவில் அருகே அவர்களை ஒன்றாகப் புதைத்த இடம் இப்போது ஊரின் நினைவிடம். ஒவ்வொரு டிசம்பர் 26-லும் உறவினர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.