குடலுக்குள் எட்டிப் பார்க்காமலே!

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதென்றால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நேரம் போவதே தெரியாது. கும்பகோணம் காப்பியில் ஆரம்பித்து, கடப்பா, ரசவாங்கி என்று போய், பழைய சாதத்தில் ஊற்றிய கெட்டித் தயிரில் வந்து நிற்பார்கள். ஆனால், சாப்பிட்டது உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள்! பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதிலும் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

மலத்தில் ரத்தம் போகிறது, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஓட வேண்டியிருக்கிறது, உடம்பு இளைக்கிறது. "உஷ்ணம்தான், வேறொன்றுமில்லை" என்று இரண்டு தம்ளர் மோரைக் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள் வீட்டுக்காரி. மாமியாரிடம் சொன்னால், "மூலமாயிருக்கும். கருணைக்கிழங்கு மசியல் பண்ணிச் சாப்பிடு" என்பார். பல பேருக்கு அது மூலமாகவோ, சாதாரண வயிற்றுக் கடுப்பாகவோதான் இருக்கும். சிலருக்கு அப்படி இராது. அந்தச் சிலருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

குடலின் உட்சுவரில் வீக்கமும் புண்ணும் உண்டாகி, வருஷக் கணக்கில் ஆறுவதும் கிளம்புவதுமாக இருக்கும் வியாதி ஒன்று உண்டு. குடல் அழற்சி நோய் என்பார்கள். இதில் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலை மட்டும் பிடிப்பது 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்'. வாயிலிருந்து ஆசனவாய் வரையில் எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது 'க்ரோன்' வியாதி. 1932-ல் நியூயார்க்கில் க்ரோன் என்ற டாக்டரும் அவருடைய இரண்டு சகாக்களும் இதை விவரித்து எழுதியதால் வந்த பெயர் அது. இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். பஞ்சாபில் வீடு வீடாகப் போய் விசாரித்து 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், லட்சம் பேரில் சுமார் 44 பேருக்குக் கொலைடிஸ் இருப்பது தெரிந்தது. நமக்கும் அந்நியமான வியாதி அல்ல இது!

புண் எங்கே, எவ்வளவு என்று நிச்சயமாகப் பார்க்க வேண்டுமானால், ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் 'கொலனாஸ்கோபி' பரிசோதனைதான் வழி. முதல் தடவை அது அவசியம். தட்டிக் கழிக்கக் கூடாது. ஆனால், வியாதியோ பல வருஷம் கூட வருவது. கொஞ்சம் வயிற்றை வலித்தால் குழாய், மருந்தை மாற்றினால் குழாய் என்றால் யாரால் முடியும்? முதல் நாள் பேதி மருந்து, அரைப் பட்டினி, செலவு, கூச்சம் எல்லாம் இருக்கின்றனவே!

நம் குடியானவரைப் பாருங்கள். வாய்க்காலில் வரும் தண்ணீர் செந்நிறமாகக் கலங்கி வந்தால், மேற்கே வெள்ளம் என்று சொல்லிவிடுவார். அதைத் தெரிந்துகொள்ள அவர் குடகுமலைக்கா போகிறார்? டாக்டர்களும் அதே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். உள்ளே போகாமல், வெளியே வருவதை வைத்து உள்ளே நடப்பதை அறிகிற வழி.

முதல் வழிக்குக் கண்ணும் கடிகாரமும் வெப்பமானியும் இருந்தால் முக்கால் பங்கு வேலை முடிந்தது. 1955-ல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் வகுத்த கணக்கு அது. ஒரு நாளைக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போகிறது. அத்துடன் நாடி நிமிஷத்துக்கு 90-க்கு மேல், அல்லது ஜுரம் 100 டிகிரிக்கு மேல், அல்லது ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழ், அல்லது 'ஈ.எஸ்.ஆர்.' 30-க்கு மேல். இப்படி இருந்தால் கொலைடிஸ் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் கழித்தும் இந்தக் கணக்கை டாக்டர்கள் கைவிடவில்லை. இந்த நிலை வந்தால் மோர், மசியல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உயிருக்கே ஆபத்து.

அதென்ன ஈ.எஸ்.ஆர்.? ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும். உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். 1918-ல் ஸ்வீடனில் ஃபோரேயஸ் என்ற டாக்டர், கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இந்த வேகத்தைக் கவனித்து எழுதினார். ஆகவே சகோதரிகளே, கர்ப்ப காலத்திலும் ரத்த சோகையிலும் இந்த எண் தானாகவே ஏறும். அதைப் பார்த்து மட்டும் மிரள வேண்டாம்.

அதைவிடச் சுறுசுறுப்பானது 'சி.ஆர்.பி.' என்ற புரதம். 1930-ல் நியூயார்க்கில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் ஈரல் இதை ரத்தத்தில் கொட்டும். அழற்சி அடங்கினால் சில நாட்களில் குறைந்துவிடும். ஆனால், நெருப்பு எங்கே என்று சொல்லத் தெரியாது. பல்லில் சீழ் இருந்தாலும் ஏறும். கொலைடிஸ்காரர்கள் சிலருக்குப் புண் இருந்தும் ஏறாமலே இருப்பதுண்டு.

குடலைப் பற்றிக் குடலிடமே கேட்பதுதான் மூன்றாவது வழி. உட்சுவரில் புண் கிளம்பியதும் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் சண்டைக்குப் படையெடுத்து வரும். அவற்றுக்குள் 'கால்ப்ரொடெக்டின்' என்ற புரதம் நிறைய உண்டு. 1980-ல் நார்வே விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தார்கள். சண்டையில் மடிந்த அணுக்களிலிருந்து கசிந்து, இது மலத்தோடு வெளியே வருகிறது. இரண்டு மூன்று நாள் கெடாமல் இருப்பதால், மன்னார்குடியில் கொடுத்த மாதிரியைச் சென்னை லாபரெட்டரிக்கு அனுப்பிக்கூடச் சோதிக்கலாம். ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் குடலில் அழற்சி அநேகமாக இல்லை. 250-க்கு மேல் போனால் புண் விழித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இடையில் இருந்தால், சில வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பது வழக்கம்.

ஆனால், எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பக் கூடாது! அமீபா, சீதபேதிக் கிருமிகள் புகுந்தாலும் கால்ப்ரொடெக்டின் ஏறும். மூட்டு வலிக்கு விழுங்கும் சில மாத்திரைகளாலும் ஏறும். குடலில் வரும் காச நோயிலும் ஏறும். நம் தேசத்தில் இதுதான் பெரிய சங்கடம். க்ரோன் வியாதியும் குடல் காசமும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், காச நோய் தலைவிரித்தாடும். ஆகவே, இந்த எண்கள் வியாதியின் பெயரைச் சொல்வதில்லை. பெயர் தெரிந்த வியாதியின் கடுமையைத்தான் சொல்கின்றன.

அப்படியானால் என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? இருக்கிறது. மருந்து சாப்பிட்டு இரண்டு மாதத்தில் வலி நிற்கும், ரத்தம் நிற்கும். "குணமாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார்கள். உள்ளே புண் பாதிதான் ஆறியிருக்கும். வயிறு சொல்லாத அந்த ரகசியத்தை எண் சொல்லிவிடும். மேட்டூர் அணை மட்டத்தை ஒரே ஒரு நாள் பார்த்து என்ன தெரியும்? நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்தால்தானே குறுவைக்குத் தண்ணீர் உண்டா என்று சொல்லலாம்? இதுவும் அப்படித்தான்.

கடுமையான தாக்குதலின்போது இந்த எண்களே வழிகாட்டி. சிகிச்சை தொடங்கிய மூன்றாம் நாள், 8 தடவைக்கு மேல் போனாலோ, அல்லது 3 முதல் 8 தடவை போய், சி.ஆர்.பி. 45-க்கு மேல் நின்றாலோ, அறுவை சிகிச்சை தேவைப்படும் அபாயம் மிக அதிகம் என்று 1996-ல் ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் கண்டார்கள். முன்கூட்டியே தெரிவதால் வேறு வீரியமுள்ள மருந்துகளைக் காலத்தில் கொடுத்துக் குடலைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

தாய்மை அடையப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து குழந்தையைக் கெடுத்துவிடும் என்று பயந்து, தானாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டிய மருந்து சிலதான். எது என்று டாக்டர் சொல்வார். வியாதி கிளம்பிய நிலையில் கர்ப்பம் வளர்ந்தால், குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் இடம் உண்டு.

பால் கணக்கு எழுதும் நோட்டில் பின்பக்கம் ஒன்றை ஒதுக்குங்கள். தேதி, எத்தனை தடவை, ரத்தம் உண்டா, ஜுரம் உண்டா, உடம்பின் எடை என்ன, இவ்வளவுதான். லாபரெட்டரிச் சீட்டுகளையும் அதிலேயே வரிசையாக ஒட்டி வையுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் சரி, தெருக்கோடி டாக்டரானாலும் சரி, அந்த நோட்டை நீட்டினால் கூச்சப்பட்டு வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அதுவே சொல்லிவிடும். வீட்டில் எல்லாருடைய வயிற்றையும் பார்த்துப் பார்த்து நிரப்புகிறவள், தன் வயிற்றுக்காக ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடப் போகிறது?