அத்தையும் நானும் பட்டணத்து இட்லியும்

"ஓட்டல் சாப்பாடா? எனக்கு வேண்டாம்மா! சோடா உப்பைக் கொட்டி வேக வெச்சிருப்பான்."

இப்படிச் சொல்கிற மாமியார் உங்கள் வீட்டிலும் இருக்கிறாரா? எங்கள் வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட இலையில் பாதியை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு அத்தை பிறந்த ஊர் காஞ்சிபுரம். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மூங்கில் குடலையில் வேக வைக்கிற வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை வாசனை பிடித்து வளர்ந்தவர். அவரிடம் போய் ஓட்டல் இட்லியைப் பற்றிப் பேச முடியுமா?

நாங்கள் இருப்பது செங்கல்பட்டில். அத்தைக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. கண்ணில் புரையும் விழுந்துவிட்டது. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதென்று வீட்டில் முடிவாயிற்று. 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. எங்க வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது. ஆகவே அத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, விடியற்கால மின்சார வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறி உட்காருவது என் வேலை ஆயிற்று.

முதல் தடவை போனபோது நடந்ததைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

நாலு மணிக்கே எழுந்து இட்லி வார்த்து, மிளகாய்ப் பொடி தடவி, டப்பாவில் அடுக்கினேன். அந்த டப்பாவைச் சமையலறை மேடையிலேயே மறந்துவிட்டேன்! கூடுவாஞ்சேரி தாண்டிய பிறகுதான் பையைப் பார்க்கிறேன். அதற்குள் அத்தை காபித் தண்ணியோடு சர்க்கரை மாத்திரையை விழுங்கியாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் பன் வாங்கித் தரட்டுமா என்றால், "கண்ணைக் காட்டிட்டு வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறேன்" என்று ஒரே பிடிவாதம். வரிசையெல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி பதினொன்று. ஸ்டேஷன் பக்கம் பெரிய போர்டு போட்ட ஓட்டல் ஒன்றில் வலுக்கட்டாயமாக உட்கார வைத்தேன். அரை மணி நேரம் எங்கள் மேஜைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அத்தையின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கை நடுங்குகிறது. "என்னமோ பண்ணுதும்மா" என்றவர் பேச்சு குழறியது.

பக்கத்து மேஜையில் காபிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கேட்காமலே எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணியில் தெளிந்தார். பிறகு டாக்டரிடம் கேட்டபோது, சர்க்கரை மாத்திரைகளில் சில வகைகள், சாப்பாடு தாமதமானால் ரத்தச் சர்க்கரையை இப்படித் தடாலென்று இறக்கிவிடும் என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடுவது எந்த வகை என்று அவசியம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு கண்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை உடனே. கால் மணி பொறுத்துத் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் வயிற்றுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான்.

அன்றிலிருந்துதான் நான் பட்டணத்தில் ஓட்டல் தேட ஆரம்பித்தேன். பலகாரத்தின் ருசி அப்புறம். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் ஆவி பறக்க இலைக்கு வர வேண்டும், பல் இல்லாத வாய்க்கு மெத்தென்று இருக்க வேண்டும், இதுதான் என் கணக்கு. தேடிப் பார்த்தால், கண்ணாடிக் கதவும் குளிர்பதனமும் இல்லாத பழைய இடங்களில்தான் இது நன்றாக நடக்கிறது. காரணம் சுலபம். கூட்டம் ஓயாமல் வருகிறது; மாவு, சாம்பார் எதுவும் தங்குவதில்லை; தட்டில் விழுவது அப்போது இறக்கியது.

இரண்டாம் தடவை, டப்பா பத்திரமாகக் கையில் இருந்தும், ஆட்டோ வைத்துத் திருவல்லிக்கேணி ரத்னா கபேக்குக் கூட்டிப் போனேன். 1948-ல் ஆரம்பித்த ஓட்டல். ஆரம்பித்தவர் வடநாட்டுக்காரர் என்றால் நம்ப மாட்டீர்கள். பேர் வாங்கியதோ நம் சாம்பார் இட்லிக்கு! இட்லி சாம்பாரில் மிதக்காது, முங்கிக் கிடக்கும். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அத்தை முதலில் ஸ்பூனால் ஓரத்தைக் கிள்ளினார். வாயில் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பருப்பு போட்டிருக்கான்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. ஊறின இட்லி என்பதால் பல்லுக்கும் வேலை இல்லை.

"நீ ஏன் நிக்கறே? உட்காரு, நீயும் சாப்பிடு" என்றார் அத்தை. நான் நின்றுகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் சாப்பிடும்போது நான் பரிமாறுவேன், நான் சாப்பிடும்போது அவர் படுத்திருப்பார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வேறு யாரோ பரிமாற, நாங்கள் இரண்டு பேரும் சூடாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

திருவல்லிக்கேணியில் மெஸ்கள் ஏராளம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து மேன்ஷன்களில் தங்கிய பிரம்மச்சாரிகளுக்காக வந்தவை. தினமும் அங்கேயே சாப்பிடுகிறவனை ஏமாற்ற முடியுமா? மறுநாள் அவன்தானே வந்து நிற்பான்! பட்டணத்து டிபனுக்கு இன்னொரு வேர் உடுப்பி. கிருஷ்ணா ராவ் என்பவர் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். அவர்களுடைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் கதீட்ரல் ரோடில் 1962-ல் வந்தது. கல்யாணமான புதிதில் இவர் என்னை அங்கே கூட்டிப் போனார். கார்க்காரர்களுக்குக் காரிலேயே தட்டு வரும். எங்களிடம் கார் ஏது? உள்ளே மேஜையில் உட்கார்ந்து பூரியும் காபியும் சாப்பிட்டோம். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இவர் "பூரி" என்பார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகள் எதிரில் என்ன பேச்சு!

அசைவத்துக்கு இவரும் பிள்ளைகளும் மவுண்ட் ரோடு புஹாரிக்குப் போவார்கள். 1951-லிருந்து இருக்கிற ஓட்டல். அந்தப் பிரியாணியைப் பற்றி அவர்கள்தான் எழுத வேண்டும். நான் போன அன்று வெள்ளிக்கிழமை.

கையில் காசு குறைவாக இருக்கிறதா? ஆஸ்பத்திரிச் செலவில் யாருக்குத்தான் நிறைவாக இருக்கிறது? கூச்சப்படாமல் அம்மா உணவகத்துக்குப் போங்கள். 2013-ல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஒரு நாள் அங்கே பொங்கல் வாங்கி வந்து கொடுத்தேன். விலையைச் சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன். "மிளகைக் குறைச்சிருக்கான்" என்றார் அத்தை. தட்டு காலி.

இவ்வளவு சொல்கிறவள் என் சொந்தப் பக்கத்திலேயே ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். 2019 அக்டோபரில் சீன அதிபருக்கு நம் பிரதமர் கடற்கரைக் கோயில் பக்கத்தில் விருந்து வைத்தாரே, அதில் அரைத்துவிட்ட சாம்பாரும் தக்காளி ரசமும் இருந்ததாகப் பேப்பரில் படித்து, "நாம தினமும் செய்யறதுதானே!" என்று சிரித்தோம். மும்பையிலிருந்து என் தங்கை குடும்பம் வந்தபோது அங்கே கூட்டிப் போனோம். கடலோரத்துக் கடை ஒன்றில் வறுத்த மீனைப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தான். கடல் பக்கத்திலேயே இருக்கும்போது மீன் பழசாகவா இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அடுக்கியிருந்ததைத் திரும்ப எண்ணெயில் போட்டுக் கொடுத்தான். ராத்திரி முழுக்க என் சின்னப் பையனுக்கு வாந்தியும் பேதியும். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும்போது அவன் உதடு காய்ந்து கிடந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மீனைக் கடலிலிருந்து எடுத்ததும் ஐஸில் வைக்காவிட்டால் அது கெட ஆரம்பித்துவிடும். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் அப்படி உண்டாகிற ஒரு நஞ்சு, வறுத்தாலும் பொரித்தாலும் போகாது. வடித்து வெகுநேரம் வெளியே வைத்த சோறும் அப்படித்தான். அதில் ஒரு வகைக் கிருமி விடுகிற நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் அழிவதில்லை. ராத்திரிக் கடை ஃப்ரைட் ரைஸைப் பார்த்தால் இது எனக்கு ஞாபகம் வரும். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸை நம் அரசாங்கம் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததும் கிருமிக்குப் பயந்துதான். இப்போது மாமல்லபுரம் போனால் பச்சை மீனைக் காட்டச் சொல்கிறேன். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பார்த்து, என் எதிரிலேயே வறுக்கச் சொல்லி வாங்குகிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கைக்குழந்தையோடு போகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆவி பறக்கிற இட்லியை வெந்நீர் விட்டு மசித்து ஊட்டுங்கள். அரைத்து வெகுநேரமான தேங்காய்ச் சட்னி, ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். தண்ணீர் வீட்டிலிருந்தே காய்ச்சி எடுத்துப் போங்கள். மீறி வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

அத்தைக்குப் புரை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்து, கண்ணாடியும் போட்டு, போன தடவை செக்கப்புக்குப் போனபோது மயிலாப்பூருக்குக் கூட்டிப் போனேன். கபாலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். அங்கே கீரை வடைக்குத் தனிப் பேர். சர்க்கரைக்காரருக்கு எண்ணெய்ப் பலகாரம் தினமும் ஆகாது. அதனால் இட்லிக்குப் பிறகு இரண்டு பேருக்குமாக ஒரே வடை. அத்தை தன் பாதியைப் பிட்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கீரை எல்லாம் தனித்தனியாத் தெரியுதும்மா" என்றார்.

சர்க்கரை போடாத காபியைக் குடித்துவிட்டு, புடவைத் தலைப்பில் வாயைத் துடைத்தபடி கேட்டார்.

"டாக்டர் மறுபடி எப்ப வரச் சொன்னார்?"

"மூணு மாசம் கழிச்சு அத்தை."

"அவ்வளவு நாளா?" என்றார்.