‘ஹாய் ஆச்சி’ன்னா மரியாதைக் குறைவா?

சென்னையில் படிக்கும் பேரன் உடன்குடியில் இருக்கும் ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஹாய் ஆச்சி’ என்று அனுப்புகிறான். உடனே ஆச்சியிடமிருந்து போன்: “ஏலே, பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவாவ?”

பல வீடுகளில் நடக்கும் செல்லச் சண்டைதான் இது. வேடிக்கை என்னவென்றால், ஆச்சிக்குப் பிடிக்காத ‘ஹாய்’யும், அவர் வாயில் வந்த ‘ஏலே’வும் ஒரே வேலைக்குப் பிறந்த சொற்கள்!

‘ஹாய்’க்குத் தனி அர்த்தம் கிடையாது. ‘ஏய், இங்கே பாரு’ என்று ஒருவரைத் திரும்பவைக்கும் சத்தம், அவ்வளவுதான். 15-ம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே அப்படிக் கூவியிருக்கிறார்கள். பிறகு அமெரிக்காவில்தான் அது நலம் விசாரிக்கும் சொல்லானது. அதற்கான பழைய எழுத்துச் சான்று 1862-ம் ஆண்டைச் சேர்ந்தது.

‘ஹலோ’வும் அப்படித்தான். தூரத்தில் இருப்பவரை அழைக்கும் கூவல் அது. டெலிபோன் வந்தபோது, எடுத்ததும் என்ன சொல்வது என்ற கேள்வி எழுந்தது. கிரகாம் பெல்லுக்குப் பிடித்தது கப்பல்காரர்களின் ‘அஹாய்’. எடிசனோ 1877 ஆகஸ்ட்டில் எழுதிய கடிதத்தில் ‘ஹலோ’வைச் சொன்னார். ஜெயித்தது ‘ஹலோ’தான்.

கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்கும் கூவல் புதிதல்ல. பனை உச்சியில் இருப்பவரைக் கீழே நின்று மெதுவாகவா கூப்பிட முடியும்? ஆனால், நெல்லைச் சீமைப் பேச்சில் ஒரு கணக்கு உண்டு. சின்னப் பையனுக்கு ‘ஏலே’, சிறுமிக்கு ‘ஏட்டி’, சமவயதுக்காரருக்கு ‘வே’, மூத்தவருக்கு ‘அண்ணாச்சி’. ஆச்சி சொன்னால் ‘ஏலே’ பாசம்; அதையே பேரன் திருப்பிச் சொன்னால் வீடு ரெண்டாகிவிடும்.

‘ஹாய்’க்கு இந்தப் படிக்கட்டு தெரியாது. நண்பனுக்கும் ஆச்சிக்கும் ஒரே ‘ஹாய்’தான். ஆச்சிக்கு உறுத்துவது அதுதான்.

ஆனாலும் பேரன் வெறும் ‘ஹாய்’ அனுப்பவில்லையே. பக்கத்திலேயே ‘ஆச்சி’ இருக்கிறது. கூப்பிட்டது இங்கிலீஷ், உறவு சொன்னது தமிழ். அதோடு ‘சாப்பிட்டீங்களா?’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், அந்தப் போன் வேறு மாதிரி வந்திருக்கும்: “சாப்பிட்டேன்யா. நீ சாப்பிட்டியா?”