கெர்னல் பார்க்கும் கடிகாரம்

செல்போனில் அப்டேட் வந்தால் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குத்தான் விளம்பரமெல்லாம். ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலில் நடக்கும் திருத்தங்களை யாரும் பேசுவதில்லை. அவற்றில் ஒன்று, விளம்பரம் பெற்ற பல வசதிகளைவிடச் சுவையானது.

கேமரா, வைஃபை போன்ற சிப்புகளுக்கு மின்சாரம் ரெகுலேட்டர் வழியாகப் போகிறது. போடுவதும் அணைப்பதும் கெர்னல். அணைத்ததும் மின்னழுத்தம் சட்டென்று பூஜ்ஜியமாகாது. மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டம் வடிய வேண்டும். அதற்குள் மறுபடி போட்டால், சிப் சரியாக ரீசெட் ஆகாமல் தடுமாறலாம். ஆகவே எத்தனை மைக்ரோநொடி இடைவெளி வேண்டும் என்பதை வன்பொருள் விவரக் கோப்பில் எழுதிவைக்கிறார்கள்.

ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரும் கரண்ட் போய் வந்தால் சற்றுப் பொறுத்துத்தான் கம்ப்ரஸரை ஓடவிடும். அது, நிமிடத்துக்கு ஒருமுறை குதிக்கும் ஒற்றை முள் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முள் குதிக்க அரை நொடி இருக்கும்போது கரண்ட் போகிறது. அரை நொடியில் முள் குதித்துவிடும். நிமிடம் ஆகிவிட்டதென்று கம்ப்ரஸரைப் போட்டுவிடும்.

கெர்னலில் அந்த முள்ளுக்கு ஜிஃபி என்று பெயர். நொடிக்கு 100 துடிப்பு என்றால் ஒரு ஜிஃபி 10 மில்லிநொடி. காத்திருக்க வேண்டியதும் ஒரே ஜிஃபிதான், அணைந்ததோ அடுத்த துடிப்புக்குச் சற்று முன் என்றால், காத்திருப்பே நடக்காது. ஜிஃபி எண்ணி நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்போதும் கணக்கு குழம்பியது. நொடிக்கு 1000 துடிப்பில், 32 பிட் எண்ணி நிரம்ப 49.7 நாள் ஆகும். அவ்வளவு நாள் பிழை ஒளிந்திருக்கக் கூடாதென்று, கருவி கிளம்பிய 5 நிமிடத்திலேயே நிரம்பும்படி எண்ணியின் தொடக்கத்தை லினக்ஸ் வேண்டுமென்றே அமைத்திருக்கிறது. அருமையான ஏற்பாடு!

 

2021இல் ஜிஃபியை விட்டு நானோநொடிக் கணக்குக்கு மாறினார்கள். அதிலும் ஓர் ஓட்டை: கருவி தூங்கும்போது அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும், ‘இன்னும் நிமிடம் ஆகவில்லை’ என்று ஸ்டெபிலைசர் பிடிவாதம் பிடிப்பதற்குச் சமம். 500 மில்லிநொடி இடைவெளி கேட்கும் ரெகுலேட்டர், மணிக்கணக்கில் அணைந்து கிடந்தபிறகும் கருவி விழித்தெழும்போது வீணாகக் காக்கவைத்தது. தூங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணும் கடிகாரத்துக்கு 2023இல் மாற்றியதும் அது தீர்ந்தது.

கெர்னல் கிளம்புமுன் பூட்லோடர் எப்போது அணைத்தது என்பதை மட்டும் எந்தக் கடிகாரமும் சொல்லாது. அதனால் ரெகுலேட்டர் பதிவாகும் கணத்தையே பொதுவாக அணைந்த நேரமாக வைத்துக்கொள்கிறார்கள். சில மில்லிநொடி கூடுதலாகக் காத்திருப்பதில் சிப்புக்குக் கேடில்லை.