கழுத்தும் காலமும்

கழுத்துக்குத் தமிழிலே பெயர்கள் பல. மிடறு, களம், கண்டம், கந்தரம் என்று நிகண்டுகள் அடுக்கும். நஞ்சை அடக்கிய இறைவனை நீலகண்டன் என்று போற்றினோம். மகளிர் கழுத்துக்குச் சங்கையும் இளங்கமுகையும் உவமை கூறினோம். இவ்வுவமைகளை முப்பது ஆண்டுகளாக மாணவருக்கு விரித்துரைத்து வந்த நான், அக்கழுத்தின் உள்ளே யாது உளது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணவைத்தவர், இரத்தினபுரியை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலே நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மூதாட்டியார். என் பழைய மாணவன் ஒருவனின் தாயார்.

பொங்கல் நாளில் அவர்கள் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் ஏந்தி வந்தார் அம்மையார். நான் வாங்குமுன்னரே அது நழுவி விழுந்து உடைந்தது. நாணத்தோடு அவர் சொன்னார்: “வயசாச்சுங்க வாத்தியாரய்யா. கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது. சட்டைப் பொத்தான் போட முடியல. நடந்தா பஞ்சு மேல கால வைக்கிற மாதிரி இருக்கு.” கழுத்திலே வலி உண்டா என்று வினவினேன். “அதெல்லாம் இல்லீங்க” என்றார். ஓராண்டுக்கு மேலாக இந்நிலை. வயதின் கோளாறு என்று வீட்டாரும் அயலாரும் கூறியதைக் கேட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

என் வற்புறுத்தலால் மகன் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றான். கையும் காலும் தளர்ந்தமைக்குக் காரணம் கையிலும் இல்லை, காலிலும் இல்லை. கழுத்திலே முண்ணாண் நசுங்கியிருந்ததே காரணம் என்று நிபுணர் கண்டறிந்தார். அன்றுதான் நான் உடற்கூற்று நூலைப் புரட்டத் தொடங்கினேன்.

இத்துறை தமிழுக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மொழியில் மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், கிறீனின் முயற்சியால் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழுருப் பெற்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கழுத்தெலும்புகளைத் தமிழிற் கற்ற மாணவர் நம்மிடை இருந்தனர். இன்றோ, கற்றோரும் அவற்றின் தொகையறியார்.

அவை ஏழு. முதலாவதற்கு அத்திலசு என்று பெயர். வானைத் தோளிலே தாங்கியதாகக் கிரேக்கர் கூறும் தேவனின் பெயர் அது. நம் ஆதிசேடன் உலகைத் தாங்குவதுபோல, அவ்வெலும்பு ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் நிறையுள்ள தலையைத் தாங்குகிறது. நாம் தலையைத் திருப்பும்போது, அத்திருப்பத்திற் பாதியளவு முதலிரண்டு எலும்புகளுக்கிடையிலேயே நிகழ்கிறது. இரண்டாவது முள்ளென்பிலிருந்து கீழ்நோக்கி, எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை போன்ற வட்டத்தட்டுகள் உள.

இத்தட்டுகளின் நடுப்பகுதி இளமையிலே நீர் செறிந்து பாகுபோல் இருக்கும். அதற்கு நேரடியான இரத்த ஓட்டம் இல்லை. அயலிலிருந்து ஊறிவருவதே அதன் உணவு. ஆதலின், நரை தோன்றுமுன்னரே அது வறளத் தொடங்குகிறது. தட்டு வறண்டு தாழ, எலும்புகள் நெருங்குகின்றன. நெருங்கிய எலும்பின் ஓரங்களில் முனைப்புகள் வளர்கின்றன. பின்னுள்ள இணையங்கள் தடிக்கின்றன. பக்கத் துளை குறுகி நரம்பு நெரிந்தால் தோளிலும் கையிலும் வலி பரவும். நடுக் கால்வாய் குறுகி முண்ணாண் நெரிந்தாலோ, வலியின்றியே கை வலுவிழக்கும், நடை தள்ளாடும். அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்தின் பாரத்தைக் கழுத்தால் இழுத்து மலையேறிய காலம் இதற்குத் துணைசெய்ததோ? தனியொருவர் நோய்க்கு இதுவே காரணமென்று துணிந்துரைத்தல் அரிது. ஆயினும், தலைச்சுமை சுமப்போரின் கழுத்தெலும்புகளிலே தேய்வு மிகுந்திருத்தலைக் கானா நாட்டு ஆய்வாளர் 1994இல் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இனி, நாடிகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடிகள் நான்கு. முன்பக்கத்து இரண்டும் குரல்வளையின் இருமருங்கும் விரலுக்குத் துடிப்பை உணர்த்தும். பின்பக்கத்து இரண்டும், ஆறாவது முள்ளென்பு தொடங்கி முதலாவது வரை, எலும்பின் பக்கத் துளைகளினூடே நூல் கோத்ததுபோல் ஏறி மண்டையோட்டினுள் நுழைகின்றன. வயது ஏற ஏற நாடிச் சுவரின் மீள்தன்மை குன்றுகிறது. நாடி தடித்து நீள்கிறது. தட்டுகள் தாழ்ந்த கழுத்தோ குறுகுகிறது. நீண்ட கொடிக்குக் குறுகிய கொழுகொம்பு வாய்த்தாற்போல, நாடி வளைந்து நெளிகின்றது. முன்னாடிகள் கிளைக்கும் இடத்திலே கொழுப்புப் படிந்து வழியை அடைத்தலும் உண்டு. புகைத்தலும், உயர் குருதியமுக்கமும், நீரிழிவும் அப்படிவை விரைவுபடுத்துகின்றன.

இதனைக் கேட்டு அஞ்சவேண்டா. இந்நான்கு நாடிகளும் மூளையின் அடியிலே வளையமாக இணைகின்றன. அவ்வமைப்பை 1664இல் தோமசு வில்லிசு என்னும் ஆங்கில வைத்தியர் விளக்கினார். ஒருவழி குறுகினும் பிறவழிகள் துணைநிற்க அது பலருக்கு உதவுகிறது. ஆதலின், எலும்பு முனைப்பு நாடியை நெரித்து மூளையைத் தாக்குதல் அரிது. தலைச்சுற்றல் யாவும் கழுத்தால் வருவன என்பதும் பிழை. பல உட்காதின் கோளாறால் வருவன. அறுபது கடந்தவர் பலரின் கழுத்துப் படத்திலே தேய்வு தெரியும். அவருட் பலர்க்கு நோவே இராது.

அஞ்சவேண்டியது வேறொன்று. முடி திருத்தும் நிலையங்களிலே, இறுதியிற் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அத்திருப்பத்தால் நாடியின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வந்தோரும் உளர். நானும் பல்லாண்டு அச்சொடுக்கைச் சுகமென்று ஏற்றவனே. இப்பொழுது கைகூப்பி மறுத்துவிடுகிறேன். முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன திடீரெனத் தோன்றினால், தைலம் தேடாது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைத்தல் வேண்டும்.

அம்மையாருக்குக் கொழும்பிலே சத்திர சிகிச்சை நடைபெற்றது. நடை ஓரளவு திருந்தியது. விரல்களின் நுண்மை மீளவில்லை. மேலும் தளராது காப்பதே சிகிச்சையின் முதல் நோக்கம் என்றும், ஓராண்டு முந்தி வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றும் வைத்தியர் கூறினாராம். சென்ற முறை நான் சென்றபோது, தேநீரை மருமகள் கொண்டுவந்தார். அம்மையார் திண்ணையில் அமர்ந்து, தம் கைகளைப் பார்த்தபடி, “வயசுன்னு நெனச்சிட்டோமே ஐயா” என்றார்.

வயது என்பது காரணங்களுள் ஒன்று, அது விடையன்று. ‘வயதாயிற்று’ என்னும் ஒரு சொல்லால் நம் முதியோரின் குறைகளை மூடிவிடுகிறோம். நாளை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கோப்பையை நழுவவிட்டால், உடைந்த கோப்பையை நோக்காதீர். அவர் கையை நோக்குங்கள்.