யார் வைத்த மீசை?

2019 மார்ச் 1 இரவு வாகா எல்லையைக் கடந்து நாடு திரும்பினார் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான். பாகிஸ்தானின் பிடியில் இருந்தபோது அவர் காட்டிய நிதானத்தை எல்லோரும் பாராட்டினார்கள்; கூடவே மீசையையும். மேலுதட்டில் அடர்ந்து, வாயோரம் சரிந்து, பிறகு கன்னத்தில் ஏறி கிருதாவைத் தொடப் பார்க்கும் மீசை அது. சில நாட்களிலேயே சலூன்களில் 'அபிநந்தன் மீசை' கேட்டு இளைஞர்கள் வந்துவிட்டார்கள். பெங்களூர் சலூன் ஒன்று இலவசமாகவே செய்துவிட்டது. அந்த ஜூனில் மக்களவையில் காங்கிரஸின் அதிர் ரஞ்சன் சௌத்ரி, அதை 'தேசிய மீசை'யாக அறிவிக்க வேண்டும் என்றே கேட்டார். (புலி, மயில் வரிசையில் மீசை!)

வடக்கே மீசை என்றால் மானம். அவமானப்பட்டவனுக்கு 'மீசை தாழ்ந்துவிட்டது' என்பது இந்தி வழக்கு. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிக்கும் தமிழருக்கு இது புரியாத விஷயமல்ல. இதற்கு அரசுப் பணமே கிடைக்கும் இடமும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் ஆயுதப் போலீஸ் படையான பி.ஏ.சி.யில் மிடுக்காக மீசை வளர்ப்பவர்களுக்கான மாதப்படி 2019-ல் 50 ரூபாயிலிருந்து 250 ரூபாயாக உயர்ந்தது.

போபாலிலோ கதை வேறு. 2022 ஜனவரியில் போலீஸ் டிரைவர் ஒருவர் அதே அபிநந்தன் பாணி மீசையோடு பணிக்கு வந்தார். பார்க்கச் சகிக்கவில்லை, வெட்டு என்றார்கள் அதிகாரிகள். தான் ராஜபுத்திரன், மீசை தன் கௌரவம் என்று மறுத்தார். சஸ்பெண்ட்! செய்தி பரவியதும் சில நாட்களில் உத்தரவு ரத்தாக, மீசை பிழைத்தது. விமானி முகத்தில் வீரமாகத் தெரிந்தது டிரைவர் முகத்தில் ஒழுங்கீனமாகத் தெரிந்திருக்கிறது.

அவருக்காவது ஜாதியைச் சொல்லி நிமிர்ந்து நிற்க முடிந்தது. குஜராத்தில் காந்திநகர் அருகே உள்ள லிம்போதரா கிராமத்தில், 2017 செப்டம்பரில், மீசை வைத்ததற்காக மேல்ஜாதியினர் தங்களைத் தாக்கியதாக தலித் இளைஞர்கள் அடுத்தடுத்துப் புகார் கொடுத்தார்கள். முறுக்கா, அருவாளா, பென்சிலா என்ற தினுசு விவகாரமே அங்கில்லை. மீசை இருந்ததுதான் குற்றம்.

பதில் அடிதடியாக வரவில்லை. மாநிலமெங்கும் தலித் இளைஞர்கள் மீசையை முறுக்கியபடி செல்ஃபி எடுத்துப் பரப்பினார்கள். பலரது வாட்ஸ்அப்பில் சொந்த முகம் இருந்த இடத்தில் புதுப் படம் ஒன்று ஏறியது: ஒரு கிரீடம், ஒரு முறுக்கு மீசை, 'மிஸ்டர் தலித்' என்ற எழுத்து.