எவர்சில்வரின் காணாத கவசம்

மைசூரில் தேவராஜா மார்க்கெட்டைச் சுற்றிய வீதிகளில் பாத்திரக் கடைக்குப் போகிற கிரகஸ்தர்களில் அநேகர், வாணலியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பளபளப்பைப் பார்த்து, கனத்தை நிதானித்து, கடைசியில் கடைக்காரர் வைத்துக் காட்டும் காந்தம் ஒட்டவில்லை என்றதும் திருப்தியடைந்து, பெயர் வெட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணுகிறார்கள். பளபளப்பு மெருகுச் சக்கரத்தின் வேலை. காந்தமோ பாதி உண்மையைத்தான் சொல்லும்.

1913இல் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல் அரிக்கப்படாதிருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி, உருக்கோடு ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியத்தைக் கலந்து, துருவேறாத உலோகமான எவர்சில்வரைக் கண்டார். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கண்ணுக்குப் புலப்படாத படலமாக மேலே படிகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானே மறுபடி உண்டாகிறது. பித்தளை அடுக்குக்கு ஈயம் பூச, வீதியில் குரல் கொடுத்து வருகிறவரை நம் பாட்டிமார் எதிர்பார்த்திருந்தார்களே, அந்தக் கைங்கரியத்தை இங்கே உலோகமே செய்துகொள்கிறது. நாம் விலை கொடுப்பது இந்தப் படலத்துக்குத்தான்.

சமையலுக்கு உத்தமமானதாகக் கருதப்படும் 304 என்னும் ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 202 ரகம் விலை மலிவு, புளிக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கும் சக்தியும் குறைவு. ஆனால் அதிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேராத 430இல் ஒட்டும். நல்ல 304இலேயே, அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாகப் பற்றுவதுண்டு. ஆகையால் காந்தத்தை நம்பாமல், ரகத்தின் எண்ணை ரசீதில் எழுதித் தரும்படி கேட்பதே விவேகம். 2024இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணை இப்பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையை அவசியமாக்கியது; ஐ.எஸ். 14756 என்ற தர எண்ணையும் கவனிக்கலாம்.

அடிப்பாகம் தனி விஷயம். செம்பு கடத்தும் உஷ்ணத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கைத்தான் எவர்சில்வர் கடத்துகிறது என்பதால், ஒற்றைத் தகட்டு வாணலியில் மைசூர்பாகு கிளறினால், ஜ்வாலை படும் வட்டத்தில் மாவு கருகி, ஓரத்தில் பச்சை வாசனை போகாமல் நிற்கும். நடுவே அலுமினியம் வைத்த மூன்றடுக்குப் பாத்திரத்துக்குச் சற்று அதிகம் கொடுப்பது வீண் செலவல்ல.

வாங்கிய பின் அந்தப் படலத்துக்குப் பரம சத்துரு உப்பு. குளிர்ந்த நீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பிலேற்றினால், கரையாத பரல்கள் அடியில் தங்கி, அந்தந்த இடத்தில் உப்பிலுள்ள குளோரைடு செறிந்து படலத்தைத் துளைக்கிறது. கழுவிய பின் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால், ஊசி முனையால் குத்தினாற்போன்ற புள்ளிகள் தெரியும், அவை தேய்த்தாலும் போகா. நீர் கொதித்த பின்னரே உப்பிட்டுக் கிளற வேண்டும்; உப்பும் புளிப்பும் சேர்ந்த ஊறுகாயை அதில் நாள்கணக்கில் வைக்கலாகாது. வெண்திட்டும் வானவில் நிறமும் நீரின் சுண்ணத்தாலும் அதிக உஷ்ணத்தாலும் வருபவை. எலுமிச்சை மூடியால் தேய்த்தாலே மறையும். பால் அடிப்பிடித்தால் சமையல் சோடாவும் தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், பற்று ஏடாக உரிந்து வரும். இரும்பு நாரால் சுரண்டினால் அதன் துணுக்குகள் பாத்திரத்தில் பதிந்து துருப்பிடிக்க, எவர்சில்வரே துருவேறியதென்று கடைக்காரரோடு வழக்குக்குப் போகிறோம். தேங்காய் நார் போதும்.